ஒன்பது போத்தல் கொய்யா ஜெல்லி

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு எந்த வீட்டிலிருந்து என்ன வரும் என்பதை நவம்பர் மாதமே சொல்லிவிடலாம். எதிர்வீட்டு டீச்சரிடமிருந்து பிளம் கேக் நாலு துண்டு வரும். பஜாரில் வாங்கிய கேக்தான் என்பது தெருவுக்கே தெரியும். வீட்டில் செய்தது என்று அவர் சொல்வதும், "டேஸ்டே தனி டீச்சர்" என்று நாங்கள் சொல்வதும் வருஷா வருஷம் நடக்கும் மரியாதை. முனை வீட்டிலிருந்து அதிரசம் வரும். அதைக் கடிக்கும் பல் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மட்டும்தான் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கொய்யா ஜெல்லி போகும். கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஏரியைச் சுற்றிவிட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதற்குக் கீழே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் எங்கள் தெரு யார் கண்ணிலும் படாது. எங்களையும் சேர்த்து ஒன்பது வீடு.

பாட்டிலை அம்மா போத்தல் என்பாள். டீ அவளுக்குத் தேத்தண்ணி. ஐந்து வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தவள். மற்ற பேச்செல்லாம் இந்த ஊர்ப் பேச்சாக மாறிப்போன பிறகும் இந்த ரெண்டு சொல்லையும் விடவில்லை. ஜெல்லியை அவள் கற்றது பங்களா வேலையில். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் சமையலுக்கு இருந்தாள். அந்த அம்மாள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது நீளக் கைப்பிடி மரக் கரண்டி ஒன்றும் இந்தப் பக்குவமும்தான். யாராவது ஜாம் என்று சொல்லிவிட்டால் அம்மாவுக்குப் பொசுக்கென்று கோபம் வரும். ஜாம் என்பது பழத்தை மசித்துக் கிண்டுவது, அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஜெல்லி என்றால் போத்தலை ஜன்னலில் வைத்தால் எதிரில் இருக்கிற மலை சிவப்பாகத் தெரிய வேண்டும்.

அந்தப் போத்தல்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மூடி சரியாக இருக்கும் போத்தல் அப்போது லேசில் கிடைக்காது. மளிகைக் கடை பாய் எங்களுக்காக ஒதுக்கி வைப்பார். ஆகவே ஜெல்லியைத் தின்று முடித்ததும் போத்தலைக் கழுவித் திருப்பித் தந்துவிட வேண்டும். வெறும் போத்தலாகத் தரக் கூடாது. ஒரு கை சீனியோ, கொஞ்சம் காப்பிப் பொடியோ, நாலு மிட்டாயோ போட்டுத்தான் தருவார்கள். யார் வீட்டிலும் அதை அவசரமாகத் தின்று முடிக்க மாட்டார்கள். விருந்தாளி வந்தால் எடுப்பார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ரொட்டியில் தடவுவார்கள். போத்தல்கள் பொங்கலுக்கு மேல்தான் ஒவ்வொன்றாக வந்து சேரும். முனை வீட்டுப் போத்தல் ஒரு முறை ஈஸ்டருக்கு வந்தது.

எனக்கு ஒன்பது வயதான வருஷம் அம்மாவுக்கு இருமல் வந்தது. ஆடி மழையில் தொடங்கியது ஐப்பசி மழையிலும் நிற்கவில்லை. குளிர்தான், குளிர்தான் என்று சொல்லிக்கொண்டே தொளதொளத்துப்போன ஜாக்கெட்டையெல்லாம் அவளே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பா வம்படியாக ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டிபி என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. மூன்று வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டால் பிறகு யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். டாக்டர் அதை எங்களுக்கு மட்டும்தான் சொன்னார். தெருவுக்குச் சொன்னவர் வேறு. மாத்திரை கொடுக்க முதல்முறை வீடு தேடி வந்த ஆள், குழாயடியில் தண்ணீருக்கு நின்ற பத்துப் பெண்கள் நடுவில் வண்டியை நிறுத்தி, "இங்க டிபி பேஷன்ட் வீடு எதுங்க?" என்று கேட்டார். அவர்களும் வழி காட்டினார்கள்.

அம்மா அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த வேறொரு பங்களாவில் உடம்பு தேறிய பிறகு வரச் சொல்லிவிட்டார்கள். அம்மா தானாகவே வீட்டுக்குள் இன்னொரு வீடு பிரித்துக்கொண்டாள். பின்பக்கம் விறகு போட்டிருந்த அறையைக் காலி செய்து அங்கே கட்டிலைப் போட்டாள். அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் போர்வை. அந்த அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன ஜன்னல் உண்டு. எனக்கும் அம்மாவுக்கும் இருந்த போக்குவரத்து அந்த ஜன்னல் வழியாகத்தான். மூன்று வாரம் எப்போதோ முடிந்துவிட்டது, இன்னும் எதற்கு இந்தக் கூத்து என்று அப்பா சத்தம் போடுவார். "எனக்கு இருக்கது ஒரு புள்ள" என்பாள் அம்மா.

எனக்கு அவள் மீது கோபம்தான் இருந்தது. தலை பின்னிவிட ஆள் இல்லை. அப்பா பின்னினால் ரெண்டு சடையும் ரெண்டு திசையில் போகும்.

டீச்சர் மகளும் நானும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர்கள் வீட்டில்தான் கிடப்பேன். வீட்டுப்பாடம், டிவி, சில நாள் ராத்திரிச் சாப்பாடுகூட அங்கேதான். அந்தக் கார்த்திகையிலிருந்து அவர்கள் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. தட்டினால் டீச்சர் சங்கிலியை எடுக்காமலே, "பாப்பா படிக்கிறா கண்ணு, அப்புறமா வா" என்பார். நானும் கேட்டில் நின்று பார்ப்பேன். உள்ளே டிவி சத்தம் கேட்கும். டிவியை வைத்துக்கொண்டே இப்படிப் படிக்கிறாளே, இந்த முறை முதல் ரேங்க் அவளுக்குத்தான் என்று பயந்து நானும் வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து படித்தேன். அரைப் பரீட்சையில் நான் முதல் ரேங்க் வாங்கியதற்குக் காரணம் டீச்சர் வீட்டுச் சங்கிலிதான்.

நான் கேட்டில் நிற்பதை அம்மா, சந்து வழியாகத் தெரு தெரியும் பின்னறையின் பக்க ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். ஒரு நாள் இல்லை, பல நாள்.

டிசம்பர் பிறந்ததும் ஜெல்லி செய்ய வேண்டும் என்றாள். அவர்களுக்குள் அன்று நடந்த பேச்சை அப்பா எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார். "இந்த வருஷம் யாரு உன்கிட்ட ஜெல்லி கேட்டா? பேசாம கெட" என்றிருக்கிறார் அப்பா.

"நான் செய்யல. நான் தொடக்கூட மாட்டேன். புள்ள செய்யட்டும்" என்றாளாம் அம்மா. "அவ கையால செஞ்சத வாங்கித் தின்னுட்டாங்கன்னா எனக்கு நிம்மதி. எனக்குத்தான் நோவு, அவளுக்கு ஒண்ணுமில்லன்னு தெருவுக்குத் தெரியும்னு ஆயிரும். அதையும் தின்னலன்னா அதுவும் தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சா அவள இந்தத் தெருவுல வச்சிருக்க மாட்டேன். ஒவ்வொரு கேட்டு வாசல்லயும் நிக்கிறதுக்கா நான் அவளப் பெத்தேன்?"

இது எதுவும் எனக்குத் தெரியாது. மரக் கரண்டி முதல்முறையாக என் கைக்கு வரப்போகிறது என்ற ஒரே செய்திதான் எனக்கு எட்டியது. தலைகால் புரியவில்லை.

அப்பா ஜீப் ஓட்டுகிறவர். பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டத்துக்கு நடுவில் இருந்த அத்தை வீட்டிலிருந்து ஒரு சாக்குக் கொய்யா கொண்டுவந்தார். நன்றாகப் பழுத்த கொய்யா ஜெல்லிக்கு ஆகாது, உறையாது. முற்றிலும் காயாக இருந்தால் துவர்க்கும். செங்காயாகப் பார்த்து எடுக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாக ஜன்னல் கண்ணாடியில் காட்ட, அந்தப் பக்கத்திலிருந்து அம்மா தலையை ஆட்டியோ கையை ஆட்டியோ தீர்ப்புச் சொன்னாள். வாயில் துணி கட்டியிருப்பாள், கண்ணாடியும் சாத்தியிருக்கும். ஆகவே சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். சத்தம் போட்டால் இருமல் வரும். இருமி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வைவாள். "கைய சோப்புப் போட்டுக் கழுவுனியா? இன்னொருக்க கழுவு. நகத்தக் காட்டு."

தோலும் விதையுமாகப் பழத்தை நறுக்கி, மூழ்கத் தண்ணீர் விட்டு, குழைய வேக வைத்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிட்டோம். அடியில் வைத்த குண்டானில் சொட்டுச் சொட்டாகச் சாறு இறங்கும். காலையில் தொங்கவிட்டால் சாயங்காலம் ஆகும். மூட்டையைப் பிழியக் கூடாது. பிழிந்தால் சீக்கிரம் இறங்கும், ஆனால் சாறு கலங்கிவிடும். கலங்கினால் அது ஜெல்லி இல்லை. அந்த நாள் முழுக்க நான் மூட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கை லேசாக மூட்டைப் பக்கம் போனாலே கண்ணாடியில் டக்கென்று தட்டுவாள்.

சாற்றை அளந்து, அதே அளவு சீனி போட்டு அடுப்பில் ஏற்றினோம். பாத்திரத்தைத் தூக்குவதும் இறக்குவதும் அப்பா. கிண்டுவது நான், ஒரு முக்காலி மேல் ஏறி நின்று. நுரையை எடுத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, மறுபடி கொதிக்கவிட்டால் வெளிறிக் கிடந்த சாறு மெல்ல மெல்லச் சிவக்கும். பதம் பார்ப்பதற்குக் கொடைக்கானலில் ஐஸ் பெட்டி தேவையில்லை. தட்டை வெளிச்சுவரில் வைத்து எடுத்தால் போதும், விரைத்துப்போயிருக்கும். அதில் ஒரு சொட்டு விட்டு ஜன்னலில் காட்டினேன். அம்மா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள். அவள் மூச்சில் கண்ணாடி மங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "விரலால தள்ளு புள்ள" என்றாள். தள்ளினேன். மேலே சுருக்கம் விழுந்தது. "வெரசா இறக்குங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அப்பாவுக்குக் கை சுட்டுவிட்டது.

ஒன்பது போத்தல். ஈரத்துணி மேல் நிறுத்தி ஊற்றி, ஆறியதும் மெழுகுவர்த்தியை உருக்கி மேலே ஒரு பூச்சுப் போட்டு, மூடியின் மேல் பூப்போட்ட துணி கட்டினோம். அவற்றில் ஒன்றைக்கூட அம்மா தொடவில்லை. அவள் அறைக்குள் கொண்டுபோய்க் காட்ட நான் கதவைத் திறந்ததற்கு, என் வாழ்நாளில் வாங்காத திட்டு வாங்கினேன். பிறகு ஒவ்வொன்றாக ஜன்னலில் தூக்கிக் காட்டினேன். ஒன்பதாவது போத்தலைக் காட்டியபோது அம்மா உள்ளே நின்று கைதட்டினாள்.

கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னால் வெள்ளனே எழுப்பி, குளிக்கச் சொல்லி, ஜன்னலுக்கு முன்னால் நிற்க வைத்தாள். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பது போல ஒப்பிக்க வேண்டும். "யாரு செஞ்சான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

"நான்தான் செஞ்சேன். அம்மா தொடவே இல்ல. அம்மா ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாங்க."

"இன்னொருக்க சொல்லு."

மூன்று முறை சொன்னேன். நாலாவது முறை எனக்கே சலித்துவிட்டது.

முதல் வீடு டீச்சர் வீடு. அன்று சங்கிலியை எடுத்துக் கதவைப் பாதி திறந்தார். போத்தலைப் பார்த்தார், வாங்கவில்லை. "யாரு கண்ணு செஞ்சது?" என்றார்.

ஒப்பித்தது வாய்வரைக்கும் வந்தது. அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். கணக்கு நோட்டில் தப்பான விடையைப் பார்க்கும்போது அவருக்கு வருகிற முகம் அது. எனக்கு வெட்கமாகிவிட்டது. நாலாம் வகுப்புப் பிள்ளை கிண்டியது என்று தெரிந்தால் இவர் இதை மதிப்பாரா? சொப்புச் சாமான் விளையாட்டு என்று நினைக்க மாட்டாரா? வருஷா வருஷம் "உங்கம்மா ஜெல்லி மாதிரி வராது" என்று சொன்னவர். அதோடு இன்னொன்றும் இருந்தது. ரெண்டு மாதமாக இந்தத் தெருவில் அம்மா பேரை யாரும் எடுக்கவே இல்லை. சுகமா என்றுகூட யாரும் கேட்கவில்லை. அம்மா பேர் போய்விடக் கூடாது என்று எனக்கு அப்படி ஒரு வேகம் வந்தது.

"அம்மாதான் டீச்சர். எப்பவும் போல அம்மாதான் செஞ்சாங்க" என்றேன்.

"அம்மாவேவா?"

"ஆமா டீச்சர். அவங்களே கிண்டி, அவங்களே ஊத்துனாங்க. நான் சும்மா பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

டீச்சர் போத்தலை வாங்கிக்கொண்டார். மூடியில் கட்டியிருந்த துணியை ரெண்டு விரலால் பிடித்து வாங்கிக்கொண்டார். துணி அழகாக இருக்கிறது என்று தொட்டுப் பார்க்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

ஒரு வீட்டில் சொன்ன பிறகு அடுத்த வீட்டில் மாற்றிச் சொல்ல முடியுமா? எனக்குக் கதை சொல்லும் புத்தி அப்போதே உண்டு. வீட்டுக்கு வீடு அம்மாவின் பெருமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். இரண்டாவது வீட்டில், அம்மா ராத்திரி பகலாகக் கஷ்டப்பட்டுச் செய்ததாகச் சொன்னேன். முனை வீட்டில் பதம் எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். "அம்மா கரண்டிய நாக்குல வச்சு ருசி பாத்துத்தான் இறக்குவாங்க" என்றேன். அந்த வீட்டு அக்கா ஐயோ என்றார். அந்தத் திறமைக்குத்தான் ஐயோ என்கிறார் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

கடைசியாக பாய் கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. பாய் சம்சாரம் வந்து போத்தலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவரிடமும் அதே கதையைச் சொன்னேன், நாக்கு உட்பட. அவர் அங்கேயே மெழுகைத் தள்ளிவிட்டு விரலால் தொட்டு வாயில் வைத்தார். "புளிப்பும் இனிப்புமா என்னமா இருக்கு! உங்கம்மாவுக்காக நான் துஆ கேக்குறேன்னு சொல்லும்மா" என்று ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொடுத்தார். நல்ல ருசி தெரிந்தவர்கள் இப்படிக் கடைத் தெருவில் நின்று விரலால் நக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. டீச்சர் அதை மேஜையில் வைத்து ஸ்பூனால்தான் சாப்பிடுவார்.

கிறிஸ்துமஸ் அன்று கோயிலுக்குப் போய்விட்டு அப்பாவும் நானும் திரும்பியபோது எங்கள் வாசல் சுவரில் அஞ்சு போத்தல் கவிழ்த்து வைத்திருந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவிய போத்தல்கள். சாயங்காலத்துக்குள் இன்னும் ரெண்டு. மறுநாள் காலையில் எட்டாவதும் வந்துவிட்டது. யாரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை, வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சீனியும் இல்லை, மிட்டாயும் இல்லை. பண்டிகை நாளில் எல்லாருக்கும் ஆயிரம் சோலி இருக்கும் என்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொங்கல் வரைக்கும் இழுக்கிற ஜெல்லியை ரெண்டே நாளில் வழித்துத் தின்றிருக்கிறார்களே, அதுதான் எனக்கு அதிசயம். அம்மா செய்ததைவிட நான் செய்தது நன்றாக வந்துவிட்டதோ என்று ஒரு நினைப்பு. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று சங்கடமாகக்கூட இருந்தது. எட்டாவது போத்தலை எடுக்கப் போனபோது, டீச்சர் வீட்டுக்குப் பின்னால் ஓடைப் பள்ளத்தில் நாலைந்து குரங்குகள் சிவப்பாக எதையோ அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தன. டீச்சர் மகள் தன் பங்கைத் தவறவிட்டுவிட்டாள் போல, பாவம் என்று நினைத்தேன்.

எட்டுப் போத்தலையும் அடுப்படி ஜன்னலில் வரிசையாக அடுக்கி, கண்ணாடியைத் தட்டினேன். அம்மா எழுந்து வந்தாள்.

"எட்டு வீட்டுலயும் தின்னு முடிச்சிட்டாங்கம்மா! பாய் வீட்டுல மட்டும்தான் இன்னும் போத்தல் வரல. அவங்களுக்குப் பிடிக்கல போல. கொரங்குகூட நம்ம ஜெல்லிய விடலம்மா, டீச்சர் வீட்டுப் பின்னால ஒக்காந்து அப்பிடித் திங்குது!"

அம்மா போத்தல்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வாயில் கட்டியிருந்த துணியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, "நான் சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னியா புள்ள?" என்று கேட்டாள்.

அம்மாவுக்குப் பொய் பிடிக்காது. எதை உடைத்தாலும் விட்டுவிடுவாள், மறைத்தால் விட மாட்டாள். கரண்டிக் காம்பு என் முட்டியில் பட்டதெல்லாம் மறைத்ததற்குத்தான்.

"ஆமாம்மா."

"நீதான் செஞ்சன்னு சொன்னியா?"

"ஆமா."

"நான் தொடலன்னு?"

"சொன்னேம்மா. எல்லா வீட்டுலயும் சொன்னேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தையோ சடையையோ பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்தாள். கொதிக்கிற பாகு தெறித்து வலது கையில் ரெண்டு கொப்புளம் இருந்தது. "எரியுதா?" என்றாள். இல்லை என்றேன். போய் விளையாடு என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் தப்பித்தேன் என்று ஓடிவிட்டேன்.

புது வருஷம் பிறந்து மூன்றாம் நாள் அப்பா என் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தார். இனிமேல் பண்ணைக்காட்டில் அத்தை வீட்டிலிருந்து படிக்கப் போகிறாய் என்றார். பாதி வருஷத்தில், முதல் ரேங்க் வாங்கிய பள்ளிக்கூடத்தை விட்டு! நான் அழுத அழுகையில் தெருவே வெளியே வந்திருக்க வேண்டும், ஒரு கதவும் திறக்கவில்லை. அம்மா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். ஒரு தடவை கட்டிப்பிடித்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "அத்த சொல்றதக் கேட்டு இரு. அங்க எல்லாரும் உன்ன நல்லா வச்சிக்கிருவாங்க" என்றாள்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். அதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த ஆடிக்குள் இருமல் நின்று, சதை பிடித்து, பங்களா வேலைக்குத் திரும்பிவிட்டாள். என்னை மட்டும் திருப்பிக் கூப்பிடவில்லை. பத்தாவது முடிகிற வரைக்கும் ஆறு வருஷத்துக்கு மேல் நான் லீவுக்கு வந்து போகிற விருந்தாளியாகத்தான் இருந்தேன். தலை பின்னிவிட்டது அத்தை, வயதுக்கு வந்தபோது பக்கத்தில் இருந்தது அத்தை. ஜெல்லியை அம்மா அதன் பிறகு செய்யவே இல்லை. தெருவிலிருந்து எது வந்தாலும் கைகூப்பி வேண்டாம் என்றுவிடுவாள். பாய் வீட்டுக்கு மட்டும் போக்குவரத்து உண்டு. அவர்கள் போத்தல் மாசி மாதம் ஒரு கை பாதாம் பருப்போடு வந்து சேர்ந்ததாம்.

போன வருஷம் டீச்சர் தவறிப்போனார். நான் ஊரில்தான் இருந்தேன். எதிர்வீட்டில் பெட்டி வைத்திருக்கிறார்கள், அம்மா அடுப்படியை விட்டு எழவில்லை. "ஒரு போத்தல் ஜெல்லிக்கா இம்புட்டு வருஷ வைராக்கியம்? வா, போய்த் தல காட்டிட்டு வருவோம்" என்று அப்பா கெஞ்சினார்.

"எனக்குச் செஞ்சத நான் எப்பவோ விட்டுட்டேங்க. அது நான் செஞ்சதா இருந்தா, சீக்காளி செஞ்சதுன்னு கொட்டிட்டுப் போறாங்க, நானா இருந்தாலும் யோசிப்பேன்" என்றாள் அம்மா. "எம் புள்ள கையி என்னங்க பண்ணுச்சு? ஒம்பது வயசுப் புள்ள, கை கொப்புளிக்கக் கிண்டுனத கொரங்குக்குக் கொட்டுனாளே. அது எப்பிடிங்க மனசு வரும்?"

நான் அடுப்படி வாசலில் தேத்தண்ணி டம்ளரோடு நின்றேன். இருபத்தைந்து வயதாகிவிட்டது, பட்டம் வாங்கியாகிவிட்டது, உண்மையை மட்டும் இன்னும் சொல்லியாகவில்லை. ஒப்பித்ததை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் டீச்சர் தின்றிருப்பாரா? எனக்குத் தெரியாது. அப்போதும் கொட்டியிருக்கலாம். அந்தத் தெரு ஒன்றும் யோக்கியமான தெரு இல்லை. ஆனால் அந்த எட்டு வீட்டுக்கும் அம்மா வைத்த பரீட்சையில் கேள்வியையே நான் மாற்றிக் கேட்டுவிட்டேன். எதிர்வீட்டுக்கு நான் மட்டும் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். டீச்சர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அத்தை வீட்டுக்குப் போன முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா போனிலிருந்து அம்மா பேசுவாள். சாப்பிட்டாயா, குளித்தாயா, ஸ்வெட்டர் போட்டாயா என்று கேட்டுவிட்டு மூச்சு வாங்குவாள். எதற்காக என்னை அனுப்பினாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாள். முட்டியில் அடிக்க முடியாத தூரத்தில் இருப்பதால் இப்படித் தண்டிக்கிறாள். நாலாவது ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தாங்கவில்லை. அத்தை அந்தப் பக்கம் போனதும் போனைக் காதோடு அமுக்கிக்கொண்டு, "இனிமே பொய்யே சொல்ல மாட்டேம்மா. சத்தியமா சொல்ல மாட்டேன். என்னைய வந்து கூட்டிட்டுப் போ" என்றேன்.

அந்தப் பக்கம் அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"நீ என்னிக்குப் புள்ள எங்கிட்டப் பொய் சொல்லிருக்க?" என்றாள்.

நானே வாயால் ஒப்புக்கொள்ளட்டும் என்று ஆழம் பார்க்கிறாள் என நினைத்தேன். ஒப்புக்கொண்டால் தண்டனை இன்னும் கூடும் என்று பயந்து, போனைக் கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.